டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாத விஷயம்: கேன் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் தண்ணி பத்தி. நீங்க நினைக்கிற தண்ணி இல்ல, நிஜமாவே குடிக்கிற தண்ணி.

எங்க அபார்ட்மெண்ட் வேளச்சேரில இருக்கு. 32 வீடு. மூணாவது மாடில எட்டு வயசுப் பையன் ஒருத்தனுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. ஹெபடைடிஸ் ஏ. இப்ப நல்லா இருக்கான், ஆனா ஒரு மாசம் ஸ்கூலுக்குப் போகல. அதுலேர்ந்து வாட்ஸ்அப் குரூப் கொதிச்சுக்கிட்டே இருக்கு. மெட்ரோ வாட்டர்தான் காரணம்னு ஒரு கோஷ்டி. கேன் போடறவரை மாத்தணும்னு இன்னொரு கோஷ்டி. செயலாளர் அங்கிள் நாலேகால் லட்சத்துக்கு ஒரு ஆர்ஓ பிளாண்ட் கொட்டேஷனைப் போட்டார். வீட்டுக்கு 13,000 ரூபா சொச்சம் வரும். "தம்பி இன்ஜினியர்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லட்டும்"னு கடைசில என் பக்கம் தள்ளிட்டாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை யாரும் கேட்டுக்கல.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தப் பையனுக்கு எதுலேர்ந்து வந்துச்சுன்னு இனி கண்டுபிடிக்க வழியே இல்ல. இந்த வைரஸ் உள்ள போய் நோய் வெளில தெரியறதுக்கு ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும். அவன் போன மாசம் ஸ்கூல்ல என்ன குடிச்சான், கல்யாண வீட்ல என்ன குடிச்சான், பானிபூரிக் கடையில அந்தப் பச்சைத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு, யாருக்குத் தெரியும்? அவங்க வீட்ல குடிக்கறது கேன் தண்ணி. அதனால கேன்தான் காரணம்னும் சொல்ல முடியாது, கேன் குடிச்சா வராதுன்னும் சொல்ல முடியாது.

ஆனா குரூப்ல நடந்த விவாதம் முழுக்க ஒரே ஒரு எண்ணைச் சுத்தித்தான் நடந்துச்சு. டிடிஎஸ். நாலஞ்சு வீட்ல அந்தப் பேனா மாதிரி மீட்டர் வச்சிருக்காங்க. போட்டோ மேல போட்டோ வருது. "சம்ப் தண்ணி 410, கேன் தண்ணி 45, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" அதுக்குக் கீழ கைதட்டற ஸ்மைலி வரிசையா.

இந்த மீட்டர் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். அடியில ரெண்டு சின்ன உலோக முனை இருக்கும். அது தண்ணில எவ்வளவு சுலபமா மின்சாரம் போகுதுன்னு அளக்கும். தண்ணில கரைஞ்ச உப்பு அதிகமா இருந்தா மின்சாரம் நல்லாப் போகும். அந்த அளவை ஒரு குறிப்பிட்ட எண்ணால பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு திரையில காட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. கால்சியமா, மெக்னீசியமா, சாதா உப்பா, எதுவும் அதுக்குத் தெரியாது. கிருமியைப் பத்தி சுத்தமா ஒண்ணும் தெரியாது.

ஒரு கணக்கு. 15 லிட்டர் குடத்துல நல்ல தண்ணி. அதுல ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சாக்கடைத் தண்ணியை ஊத்தறோம்னு வச்சுக்கங்க. அந்தச் சாக்கடையோட டிடிஎஸ் 1000-ன்னே எடுத்துக்குவோம். குடத்துல டிடிஎஸ் எவ்வளவு ஏறும்? 0.3 தான். மீட்டர் முழு எண்ணைத்தான் காட்டும், அதனால அது அசையக்கூட அசையாது. ஈயத்தை எடுத்துக்கங்க. குடிநீர்ல அதிகபட்சம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம். அதைவிட 50 மடங்கு இருந்தாலும் அரை மில்லிகிராம்தானே? மீட்டர் அப்பவும் சிரிச்ச முகமா அதே எண்ணைத்தான் காட்டும்.

இன்னொரு பக்கம், இளநீர்ல அந்த மீட்டரை விட்டுப் பாருங்க. ஆயிரக்கணக்குல போகும். ரசத்துல விட்டா நம்ம பாட்டி எல்லாரையும் போலீஸ்தான் பிடிச்சுக்கிட்டுப் போகணும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. அதுல டிடிஎஸ் 500 வரைக்கும் ஏற்கத்தக்கது. வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் அனுமதி. உலக சுகாதார நிறுவனம் டிடிஎஸ்க்கு உடல்நல அடிப்படையில வரம்பு எதுவும் வைக்கல. 600-க்குக் கீழ இருந்தா ருசி நல்லா இருக்கும், 1000-க்கு மேல போனா குடிக்கப் பிடிக்காதுன்னு மட்டும் சொல்லுது. அதாவது இது பெரும்பாலும் நாக்கு சம்பந்தப்பட்ட எண். நாம அதை உயிர் சம்பந்தப்பட்ட எண்ணா ஆக்கி வச்சிருக்கோம்.

யார் ஆக்கினாங்கன்னு கேட்டா, கொஞ்சம் பேராவது வீட்டு வாசல்ல நின்ன ஆர்ஓ சேல்ஸ்மேனை நினைச்சுக்குவீங்க. ரெண்டு கிளாஸ் டெமோ ஞாபகம் இருக்கா? ஒரு கிளாஸ்ல உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல ஆர்ஓ தண்ணி. நாலு கம்பி இருக்கற ஒரு சாதனத்தை ரெண்டுலயும் வச்சு ஸ்விட்சைப் போடுவாங்க. உங்க தண்ணி ஒரு நிமிஷத்துல பழுப்பாகி, பச்சையாகி, நுரை கட்டி, பார்க்கவே குமட்டும். ஆர்ஓ தண்ணி அப்படியே பளிங்கு மாதிரி நிக்கும். "இதைத்தான் சார் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க."

அது பிளஸ் டூ கெமிஸ்ட்ரி. அந்தக் கம்பிகள்ல சிலது இரும்பு, சிலது அலுமினியம். கரைஞ்ச உப்பு இருக்கற தண்ணில மின்சாரம் ஓடும், ஓடினா இரும்புக் கம்பியே கரைஞ்சு துருவா தண்ணில இறங்கும். நீங்க பார்த்த அழுக்கு, அந்தக் கம்பியோட துரு. ஆர்ஓ தண்ணில உப்பே இல்லாததால மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. அந்த ஆர்ஓ தண்ணில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்க. டெமோ முடிஞ்சிரும். சேல்ஸ்மேனும் கிளம்பிருவார்.

சரி, அப்ப மெட்ரோ தண்ணியை நேரா குழாய்ல பிடிச்சுக் குடிக்கலாமா? அதுக்கு அந்தத் தண்ணி நம்ம டம்ளருக்கு வர்ற வழி முழுக்கப் பார்க்கணும்.

புழல்ல ஒரு நாளைக்கு 300 மில்லியன் லிட்டர், செம்பரம்பாக்கத்துல 530, கீழ்ப்பாக்கத்துல 270. இது சுத்திகரிப்பு நிலையங்களோட திறன். கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-லேர்ந்து இருக்கு. இதுங்க தவிர வீராணம் ஏரித் தண்ணிக்கு ஒரு நிலையம், மீஞ்சூர்லயும் நெம்மேலிலயும் கடல் தண்ணியைக் குடிநீராக்கற ஆலைகள். ஏரித் தண்ணின்னா முதல்ல படிகாரம் கலப்பாங்க. கலங்கல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில தங்கும். கிராமத்துல தேத்தாங்கொட்டையைப் பானையில உரசினாங்களே, அதே யோசனைதான். அப்புறம் மணல் வடிகட்டி, கடைசில குளோரின். இங்க வரைக்கும் தண்ணி மேல எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல. நம்ம பாஷைல சொன்னா, பிளாண்ட்ல எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ். பிரச்சினை ப்ரொடக்ஷன்ல.

குளோரின் பத்தி ஒரு வார்த்தை. அது பிளாண்ட்ல கிருமியைக் கொல்ல மட்டும் இல்ல. கொஞ்சம் மிச்சமிருந்து, குழாய் வழியா கூடவே வரணும். வழியில ஏதாவது கிருமி உள்ள வந்தா அதைக் கொல்லறதுக்கு. நம்ம வீட்டுக் குழாய்ல திறக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது இருக்கணும்னு தர நிர்ணயம் சொல்லுது. மெட்ரோ தண்ணில மருந்து வாடை அடிக்குதுன்னு மூக்கைப் பிடிக்கறோமே, அந்த வாடைதான் காவல்காரர் முழிச்சிருக்கார்ங்கறதுக்கு அடையாளம். மக்கள் தண்ணியை எப்படி எடை போடறாங்கன்னு யோசிக்கும்போது எனக்கு ரொம்ப விசித்திரமாப் பட்டது இதுதான். காவல் இருக்கற தண்ணி மேல சந்தேகம். காவலே இல்லாத, வாடையே இல்லாத தண்ணி மேல நம்பிக்கை.

இப்ப குழாய். சென்னைல தண்ணி 24 மணி நேரமும் வர்றதில்ல. சில மணி நேரம் வரும், நிக்கும். தண்ணி ஓடும்போது குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும், அதனால விரிசல் இருந்தா தண்ணி வெளில கசியும். தண்ணி நின்னதும் அழுத்தம் போயிரும். அப்ப அதே விரிசல் வழியா வெளில இருக்கறது உள்ள வரும். நம்ம தெருவுல குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துல என்ன போகுது? சாக்கடைக் குழாய். அதுலயும் விரிசல் இருக்கும். அடுத்த நாள் தண்ணி விடும்போது முதல் ரெண்டு குடம் கலங்கலா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த முதல் தண்ணியைக் கீழ விடற நம்ம அம்மாக்களுக்கு இந்தத் தியரி தெரியாம இருக்கலாம், பழக்கம் சரியான பழக்கம்.

இதுல நாம வேற நம்ம பங்குக்கு மோட்டார் போடறோம். மெட்ரோ லைன்ல நேரா மோட்டார் வச்சு உறிஞ்சறது விதிப்படி தப்பு, ஆனா எத்தனை தெருவுல நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள்ள வெற்றிடம் மாதிரி ஆகும். தண்ணியோட சேர்த்து, சுத்தி இருக்கற கசிவையும் அது இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து இழுக்கும்.

அதனால மக்களோட பயம் வெறும் பிரமைன்னு நான் சொல்லவே மாட்டேன். 2024 டிசம்பர்ல பல்லாவரம் பக்கம் வாந்தி, வயித்துப்போக்குன்னு நிறைய பேர் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, உயிரிழப்பும் நடந்துச்சு. குடிநீர்ல கழிவுநீர் கலந்துருச்சுன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க, அரசுத் தரப்பு மறுத்துச்சு. அந்த மறுப்பைக் கேட்டு எத்தனை பேர் கேன் வாங்கறதை நிறுத்தியிருப்பாங்க?

குழாய்க்கு அப்புறம் நம்ம சொந்த ராஜ்ஜியம். சம்ப்பும் மொட்டைமாடி டேங்க்கும். எங்க சம்ப்ல மெட்ரோ, போர், கோடைல லாரின்னு மூணும் ஒண்ணாத்தான் விழுது. அந்த 410 அதனாலதான். மெட்ரோ தண்ணியோட எண் அது இல்ல, எங்க கலவையோட எண்.

நான் ஒரு சின்ன சோதனை பண்ணேன். அக்வேரியம் கடையில குளோரின் பார்க்கற கிட் கிடைக்கும். ரெண்டு சொட்டு விட்டா, குளோரின் இருந்தா தண்ணி மஞ்சளாகும். (சொட்டு விட்ட தண்ணியைக் குடிக்காதீங்க.) தண்ணி வர்ற நேரம் பார்த்து தெருவுலேர்ந்து உள்ள வர்ற குழாய்ல பிடிச்சேன்: மஞ்சள். சம்ப்ல: இருக்கா இல்லையான்னு சந்தேகப்படற மாதிரி ஒரு சாயல். மூணாவது மாடி சமையலறைல: பச்சைத் தண்ணி, ஒரு நிறமும் இல்ல. காவல்காரர் கேட் வரைக்கும் வந்திருக்கார், அதுக்குள்ள வரல.

அடுத்தது எச்டூஎஸ் பாட்டில். இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு. குவாலியர்ல இருக்கற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 1982-ல வெளியிட்ட முறை. மருந்து தடவின காகிதம் உள்ள இருக்கற பாட்டில்ல தண்ணியை ஊத்தி, ஒண்ணு ரெண்டு நாள் வெதுவெதுப்பான இடத்துல வைக்கணும். மலக்கழிவோட சம்பந்தப்பட்ட பாக்டீரியா இருந்தா கருப்பாகும். வைரஸை இது காட்டாது, அதையும் சொல்லிடணும். நான் நாலு பாட்டில் வச்சேன். தெருக் குழாய்: மாறல. சமையலறைக் குழாய்: கருப்பு. அன்னைக்கு வந்து சீல் உடைச்ச கேன்: மாறல. நாலு நாள் முன்னாடி திறந்து, மேல பம்ப் மாட்டி வச்சிருந்த இன்னொரு வீட்டுக் கேன்: கருப்பு.

நாலு பாட்டில் வச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஆனா எங்க தேடணும்னு அது சொல்லிருச்சு. எங்க வீட்டளவுல, அரசாங்கத் தண்ணியும் சரி, கம்பெனித் தண்ணியும் சரி, கடைசி நூறு அடில எங்க கையில வந்ததுக்கப்புறம் கெட்டிருக்கு. சம்ப் கடைசியா எப்ப கழுவினதுன்னு குரூப்ல கேட்டேன். ரெண்டு மணி நேரம் ஒரு மெசேஜும் வரல. எங்க குரூப்ல அது ஒரு சாதனை.

இப்ப கேன் தண்ணி. கடையில நாம எல்லாரும் "மினரல் வாட்டர்"னுதான் சொல்றோம். இயற்கையான ஊற்றுலேர்ந்து எடுத்து அப்படியே அடைக்கற மினரல் வாட்டருக்குத் தனித் தரம் இருக்கு, ஐஎஸ் 13428. நம்ம கேன் அது இல்ல. அது பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர், ஐஎஸ் 14543. பெரும்பாலும் புறநகர் போர்வெல் தண்ணி. அதை ஆர்ஓல விட்டு, யூவி, ஓசோன் கொடுத்து அடைப்பாங்க. மினரலை எல்லாம் எடுத்துட்டு அதுக்கு மினரல் வாட்டர்னு பேர். 2020 தொடக்கத்துல, உரிமம் இல்லாம நிலத்தடி நீர் எடுக்கற யூனிட்களை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டப்ப கேன்காரங்க ஸ்ட்ரைக் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா? நம்ம நம்பிக்கை அத்தனையும் யாரோ ஒருத்தரோட போர்வெல்ல இருந்துச்சுன்னு அன்னைக்கு நிறைய பேருக்குப் புரிஞ்சிருக்கும்.

ஒழுங்கா நடத்தற யூனிட் தண்ணி நல்ல தண்ணிதான். அதுல எனக்கு வாதமே இல்ல. ஆனா ஓசோன் கொஞ்ச நேரத்துல கலைஞ்சு போயிரும், யூவி விளக்கு பிளாண்ட்லயே நின்னுரும். குளோரின் மாதிரி கூடவே வர்ற காவல் கேன்ல கிடையாது. சீலை உடைச்ச நிமிஷத்துலேர்ந்து பம்ப்பு, டிஸ்பென்சர் குழாய், கேனைக் கவுத்துப் போடும்போது படற கை, எல்லாம் நேரா தண்ணிக்குள்ள. டிஸ்பென்சரைக் கடைசியா எப்ப கழுவினீங்க? நான் குரூப்ல இதைக் கேட்கல. ஒரு நாளைக்கு ஒரு எதிரி போதும்.

பாட்டிலோட சீல் பார்த்தா நமக்கு வர்ற நம்பிக்கை இருக்கே, அது தண்ணியோட தரத்துலேர்ந்து வர்றது இல்ல, பேக்கிங்லேர்ந்து வர்றது. 2003 பிப்ரவரில டெல்லியோட அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பெரிய பெரிய பிராண்ட் பாட்டில்களைச் சோதிச்சு, பூச்சிமருந்து எச்சம் இருக்குன்னு வெளியிட்டுச்சு. நிலத்தடி நீர்ல இருந்தது பாட்டிலுக்கும் வந்திருக்கு. அதுக்கப்புறம்தான் பூச்சிமருந்துக்கான விதிகளை இறுக்கினாங்க. லண்டன்ல இன்னும் வேடிக்கை. 2004-ல கோகோ கோலா 'டசானி'ங்கற பாட்டில் தண்ணியை பிரிட்டன்ல இறக்குச்சு. சிட்கப்ங்கற இடத்துல குழாய்த் தண்ணியை எடுத்துத்தான் சுத்திகரிச்சு அடைக்கறாங்கன்னு பத்திரிகைகள் எழுதிக் கிழிச்சுது. கொஞ்ச நாள்லயே அதுல ப்ரோமேட்ங்கற வேதிப்பொருள் அனுமதிச்ச அளவைத் தாண்டியிருந்துச்சு. குழாய்த் தண்ணில அந்தப் பிரச்சினை இல்ல. கம்பெனி சேர்த்த கால்சியம் உப்புல ப்ரோமைடு இருந்து, ஓசோன் கொடுக்கும்போது அது ப்ரோமேட்டா மாறிருச்சு. அஞ்சு லட்சம் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

மைக்ரோபிளாஸ்டிக் பத்திக் கேட்பீங்க. சுருக்கமா: 2018-ல ஒன்பது நாட்டுலேர்ந்து 259 பாட்டில்களைச் சோதிச்சதுல 93 சதவீதத்துல இருந்துச்சு. 2024-ல கொலம்பியா பல்கலைக்கழகக்காரங்க இன்னும் நுணுக்கமாப் பார்த்து, லிட்டருக்கு சராசரி 2,40,000 துகள்னு சொன்னாங்க, பெரும்பாலும் நானோ அளவு. உடம்புக்கு என்ன பண்ணும்ங்கறதுல விஞ்ஞானிகளே இன்னும் முடிவுக்கு வரல. நான் அதை வச்சுப் பயமுறுத்த விரும்பல. கேனை வெயில்ல நிறுத்தின வண்டில நாள் முழுக்க வைக்கறவர்கிட்ட வாங்காதீங்க, அது போதும்.

வாங்கறதா இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. கேன்ல ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழ சிஎம்/எல்-னு ஆரம்பிக்கற ஒரு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டா, எந்தக் கம்பெனி, எந்த ஊர், உரிமம் உயிரோட இருக்கான்னு காட்டும். எங்க அபார்ட்மெண்டுக்கு வர்ற மூணு பிராண்டைப் பார்த்தேன். ரெண்டு சரி. மூணாவதுல எண்ணே இல்ல, ஆனா ஒரு பனிமலைப் படம் மட்டும் ரொம்ப நல்லா இருந்துச்சு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல பேக்கேஜ்டு தண்ணியை அதிக ஆபத்துள்ள உணவு வகைப் பட்டியல்ல சேர்த்திருக்கு. அதனால இந்த யூனிட்களுக்கு வருஷா வருஷம் சோதனை நடக்கணும்.

அப்ப என்னதான் குடிக்கறது? "காய்ச்சி ஆற வச்ச தண்ணி"ன்னு டாக்டர் எழுதித் தர்றதை நாம ஏதோ பழைய காலத்துப் பேச்சு மாதிரி எடுத்துக்கறோம். தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா பாக்டீரியா, வைரஸ் ரெண்டும் காலி, ஹெபடைடிஸ் ஏ உட்பட. டிடிஎஸ் மீட்டர் அதே 410-ஐத்தான் காட்டும், காட்டட்டும். கேஸ் செலவாகுமேன்னு அம்மா கேட்டாங்க. கணக்குப் போட்டேன். 10 லிட்டரை 30 டிகிரிலேர்ந்து 100-க்குக் கொண்டு போக, அடுப்புல வீணாகறதையும் சேர்த்து, சுமார் 110 கிராம் கேஸ் போதும். சிலிண்டர் 870 ரூபான்னு வச்சா, ஏழு ரூபாய்க்குள்ள. அப்ப 20 லிட்டருக்கு 13, 14 ரூபா. எங்க கேன் 35 ரூபா. கேஸ் கணக்கை ஏத்துக்கிட்டாங்க. "காய்ச்சறது யாரு, நீயா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு எந்த ஃபார்முலாவும் இல்ல. இப்ப ராத்திரி பத்து மணி ஷிஃப்ட் என்னோடது.

ஆர்ஓ யாருக்கு வேணும்? போர்த் தண்ணி உப்புக் கரிக்கற இடத்துல, நிஜமாவே வேணும். ஆனா எங்க தெருக் குழாய்த் தண்ணிக்கு அதைப் போடறது, காய்ச்சலுக்கு ஆபரேஷன் பண்ற மாதிரி. வீட்டு மெஷின்கள்ல நிறைய, ஒரு லிட்டர் குடிக்கத் தர்றதுக்கு மூணு லிட்டரைச் சாக்கடைல விடும். 2019-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழ இருக்கற இடங்கள்ல ஆர்ஓவைத் தடை பண்ணச் சொல்லி உத்தரவு போட்டது இதுக்காகத்தான். அதே 2019 ஜூலைலதான் ஜோலார்பேட்டைலேர்ந்து நமக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர்.

குரூப்ல இதையெல்லாம் எழுதிப் போட்டேன். சம்ப் கழுவறது ஏகமனதா பாஸ் ஆச்சு. மெட்ரோ தண்ணிக்குத் தனி டேங்க் கட்டி, சமையலறைக்கு மட்டும் தனி லைன் இழுக்க என்ன செலவாகும்னு பிளம்பர்கிட்ட விலை கேட்டிருக்காங்க. ஆர்ஓ தள்ளி வச்சிருக்கு. செயலாளர் அங்கிள் என்கிட்ட லிஃப்ட்ல மட்டும் பேசறதில்ல, மத்தபடி நல்லாத்தான் இருக்கார்.

ஆனா அந்தக் கொட்டேஷனைப் படிக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 32 வீட்டுக்கும் பாயிண்ட் இருக்கு. கீழ்த்தளத்துல, மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு குழாய் இருக்கு, அதுக்கு இல்ல. அதுல தண்ணி பிடிக்கறது வாட்ச்மேனும், வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்களும். மேல நாங்க கேனா ஆர்ஓவான்னு ரெண்டு மாசம் சண்டை போட்டோம். அவங்க அத்தனை நாளும் அந்தக் கழுவாத சம்ப் தண்ணியைத்தான் பாட்டில்ல பிடிச்சுக் குடிச்சிருக்காங்க. காசு இருக்கறவங்க ஆளுக்கொரு கேனோட ஒதுங்கிட்டோம்னா, குழாய்ல என்ன வருதுன்னு சத்தம் போட்டுக் கேட்க ஆள் குறைஞ்சிருது. இந்த விஷயத்துல எனக்கு உறுத்தறது இதுதான். அந்தக் குழாயையும் புது லைன்ல சேர்க்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

எங்க வாட்ச்மேன் ஒடிசாக்காரர், பூரி. நான் பாட்டிலும் கையுமா அலையறதைப் பார்த்துட்டு, "அண்ணா, எங்க ஊர்ல குழாய்ல நேரா குடிக்கலாம்"னார். நான் சும்மா சொல்றார்னு நினைச்சேன், போய்ப் படிச்சா நிஜம். 2021 ஜூலைல பூரி நகரம் முழுக்க 24 மணி நேரமும், நேரா குழாய்ல குடிக்கற தரத்துல தண்ணி கொடுக்கத் தொடங்கியிருக்காங்க. ஜெகன்னாதர் கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்காகத் தெருவுல குடிநீர்க் குழாய்களும் வச்சிருக்காங்க. 24 மணி நேரம்ங்கறதுதான் இதுல முக்கியமான வார்த்தை. குழாய்ல எப்பவும் அழுத்தம் இருந்தா, வெளில இருக்கறது உள்ள வராது. சம்ப்பே தேவையில்ல.

எனக்கு அதைவிடப் பிடிச்சது 'ஜல் சாத்தி'ங்கற ஏற்பாடு. சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடா போய், மீட்டர் பார்க்கறது, பில் வசூலிக்கறதோட, உங்க கண்ணு முன்னாடியே உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியைச் சோதிச்சுக் காட்டுவாங்க. தண்ணி நல்லா இருக்குன்னு அதிகாரி டிவில சொன்னா நம்பாத நாம, பக்கத்துத் தெரு அக்கா நம்ம அடுப்படில நின்னு காட்டினா நம்புவோம்.

நம்ம ஊர்லயே கோயம்புத்தூர்க்காரங்க சிறுவாணித் தண்ணியைப் பத்திப் பேசும்போது குரல்ல ஒரு கர்வம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? குழாய்த் தண்ணியைப் பெருமையாப் பேசற ஊர்ங்க இருக்கு. அங்க 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-ல ஒப்பந்தம் போட்டாங்க. கோவைல இருந்து கேட்கறவங்க, உங்க வார்டுல லைன் வந்துருச்சா, வந்திருந்தா இன்னும் சம்ப்ல விட்டுத்தான் ஏத்தறீங்களா, இல்ல நேரா குடிக்கறீங்களான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.

சென்னைக்காரங்க, குளோரின் கிட் வாங்கினீங்கன்னா முதல்ல தண்ணி விடற நேரத்துல தெருவுலேர்ந்து வர்ற குழாய்ல பாருங்க. அங்கயே மஞ்சள் வரலன்னாலோ, கலங்கல், நாத்தம் இருந்தாலோ, மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916. தேதி, நேரம், தெரு பேர் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கங்க. அங்க மஞ்சள் வந்து உங்க சமையலறைல வரலன்னா, செயலாளர் அங்கிளுக்குப் போன் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.